முந்நூறு மாடி ஏறியவர்

அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட்டண்ணனைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. காலொடிந்து வருகிறவரும் அவர் கையால்தான் மேலே ஏற வேண்டும், பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகிறவளும் அவர் கையால்தான் கீழே இறங்க வேண்டும். லிஃப்ட் பழைய காலத்தது. பொத்தானை அமுக்கினால் தானே போய்த் தானே நிற்கிற வகை இல்லை. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் மேலே போகும், மறுபக்கம் திருப்பினால் கீழே வரும். நிறுத்துவது மட்டும் மனுஷன் வேலை. லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒட்டி நிற்க வேண்டும். ஓர் அங்குலம் தப்பினாலும் ஸ்ட்ரெச்சர் சக்கரம் முட்டும், படுத்திருக்கிறவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

இருபத்திரண்டு வருடமாக அவர் கையில் அப்படி முட்டியதில்லை. காலையில் வந்ததும் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "ஆண்டவா, இன்னிக்கும் யாருக்கும் வலிக்காம ஏத்தி இறக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வாய் மூடாது. வருகிறவர் எல்லோரிடமும் ஒரு பேச்சு, ஒரு விசாரிப்பு. நாலு மாடி போவதற்குள் அழுதுகொண்டு வந்தவரைச் சிரிக்க வைத்து இறக்கிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அடி சறுக்கியது. இரண்டாம் மாடி எலும்பு வார்டில் ஸ்ட்ரெச்சர் டமாரென்று முட்டி, மாவுக்கட்டுக் காலோடு படுத்திருந்தவர் "ஐயோ அம்மா" என்று அலறிவிட்டார்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஒல்லி ஆள், வாய் மட்டும் பெருத்தது. "என்னண்ணே, கண்ணைக் கழட்டி வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

லிஃப்ட்டண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "வலது கண்ணு கொஞ்ச நாளா புகையா இருக்குய்யா" என்றார் மெதுவாக. இதை இதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில்கூட.

ஐந்தாம் மாடிக் கண் டாக்டரம்மா பார்த்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. "சின்ன ஆபரேஷன்தான், கால் மணி நேரம். ஆனா உங்க சர்க்கரை இப்படி இருக்கும்போது நான் கத்தியைத் தொட மாட்டேன். புண் ஆறாது, சீழ் பிடிக்கும். மூணு மாச சராசரி ஒன்பது புள்ளி ஆறு இருக்கு. எட்டுக்குக் கீழ கொண்டுவாங்க, மறுநாளே பண்றேன்" என்றார்.

மேற்பார்வையாளர் நல்ல மனுஷர், ஆனால் சட்டம் சட்டம்தான். "ஆறு மாசம் டயம் தரேன். அதுவரைக்கும் ஸ்ட்ரெச்சர் ஏத்தும்போது தள்றவர் தரையைப் பாத்துச் சொல்லட்டும். அதுக்குள்ள கண்ணு சரியாகலைன்னா லிஃப்ட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டு, உங்களைக் கீழ்த்தளத்துத் துணி அறைக்கு மாத்த வேண்டியதுதான்."

துணி அறை என்றதும் பக்கத்தில் நின்ற ஸ்ட்ரெச்சர்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். காரணம் உண்டு. ஏழு மாடிக்குமான படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாம் துவைத்து மடித்து அனுப்புகிற அந்த அறைக்குத் தலைவி வேறு யாருமில்லை, லிஃப்ட்டண்ணனின் மனைவிதான்.

அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே சேதி அந்த அம்மாள் காதுக்குப் போய்விட்டது. "வாங்க வாங்க" என்றார் வாசலிலேயே. "எனக்குக் கீழ வேலை செய்ய வர்றீங்களாமே? வீட்டுல ஒரு போர்வை மடிச்சதில்ல. ஒரு நாளைக்கு நானூறு போர்வை. மூலைக்கு மூலை ஒட்டணும், சொல்லிட்டேன்."

"ஆண்டவன் அப்படி என்னைச் சோதிக்க மாட்டான்டி."

"உங்களையா என்னையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்தாரே ஒழிய, உள்ளே போய் அடுப்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பேச ஆள் இல்லாத அறை அது. சுவரைப் பார்த்துத் துணி மடிக்க வேண்டும். மனிதர் ஒரு மாதத்தில் வாடிப்போவார் என்று அவருக்குத் தெரியும்.

சர்க்கரைப் பிரிவு ஆறாம் மாடியில் இருந்தது. மூச்சு வாங்குகிறவர்களை எல்லாம் ஆறாம் மாடியில் கொண்டு வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. அங்கே இருக்கிற நர்ஸுக்கு எல்லோரும் வைத்த பெயர் சர்க்கரை சிஸ்டர். அந்தப் பெண் லிஃப்ட்டண்ணனின் செல்போனை வாங்கி, அதில் சர்க்கரை ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணே, காலைல வெறும் வயித்துல விரலைக் குத்திப் பாத்து, அந்த நம்பரை இதுல போடுங்க. சாப்பிடுறதை ஃபோட்டோ எடுங்க. மாத்திரை நேரத்துக்கு அதுவே கூப்பிடும். நீங்க எவ்வளவு நடக்குறீங்க, எத்தனை மாடி ஏறுறீங்கன்னு அதுவே எண்ணிக்கும். போன் எப்பவும் பையில இருந்தா போதும். இங்க உக்காந்து நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"எல்லாத்தையுமா? அப்ப பொய் சொல்ல முடியாது."

"சொல்லலாம். நாளைக்கு விரல்ல வர்ற ரத்தம் காட்டிக் குடுத்துரும்."

லிஃப்ட்டண்ணனுக்குப் பொய் சொல்கிற பழக்கமே கிடையாது. ஆப் சொன்னதைச் சாமி வாக்குபோலக் கேட்டார். வெள்ளை ரொட்டியை விட்டார். டீயில் சர்க்கரையை விட்டார். அவித்த முட்டையையும் காயையும் தட்டில் வைத்து, மூன்று தடவை கோணம் மாற்றிப் படம் எடுத்த பிறகுதான் வாயில் வைப்பார். "கல்யாணப் பொண்ணைக்கூட இத்தனை ஃபோட்டோ எடுக்கல" என்று மனைவி முணுமுணுப்பார்.

முதல் நாள் வேலை முடிந்து போனைப் பார்த்தவர் அசந்துபோனார். 'இன்று நீங்கள் ஏறிய மாடிகள்: 312. அபாரம்!' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோப்பை வேறு மின்னியது. மறுநாள் 298. அதற்கு மறுநாள் 325. ஐந்து கோப்பைகள் சேர்ந்தன. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையும் அவருக்குக் கோப்பை கொடுத்ததில்லை.

கோப்பையோடு ஒரு புத்திமதியும் வரும். 'இன்று மிகவும் உழைத்திருக்கிறீர்கள். சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்கச் சிறிது தின்பண்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.' காலை பதினொரு மணிக்கு ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. ஆப் சொன்னால் தட்டலாமா? பதினொரு மணிக்கு நாலு பிஸ்கட், நாலு மணிக்கு இரண்டு வாழைப்பழம். ஸ்ட்ரெச்சர்காரர் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவருக்கும் சர்க்கரை உண்டு, அவர் போனிலும் அதே ஆப் உண்டு.

"நாள் பூரா நடையா நடக்குறேன். எனக்கு ஒரு பிஸ்கட் தின்னுன்னு அது சொன்னதே இல்லண்ணே. உங்களுக்கு மட்டும் எப்படி விருந்து வைக்குது?"

"உழைப்புய்யா. உழைப்பைப் பாத்துத் தருது."

ஆறு வாரம் போயிற்று. காலையில் வருகிற எண் இறங்க வேண்டுமே, ஏறிக்கொண்டே போயிற்று. நூற்று அறுபத்தெட்டு, நூற்று எண்பது, நூற்றுத் தொண்ணூற்றைந்து. சராசரி எடுத்துப் பார்த்தால் ஒன்பது புள்ளி ஒன்பது.

சர்க்கரை சிஸ்டர் லிஃப்ட்டுக்குள் வந்தபோது முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. "அண்ணே, எனக்கு ஒண்ணும் புரியல. இவ்வளவு ஏறி இறங்குற உடம்புல சர்க்கரை ஏறுதுன்னா, உள்ள வேற ஏதாவது நோய் இருக்குமோன்னு டாக்டர் யோசிக்கிறாரு. ஸ்கேன் எடுக்கணும்னாரு. வியாழக்கிழமை மேல வாங்க" என்றாள்.

வேறு நோய். அந்த இரண்டு வார்த்தைகள் மனிதரைச் சாய்த்துவிட்டன. புதன்கிழமை முழுக்க லிஃப்ட்டில் பேச்சே இல்லை. ஏறினவர்கள் எல்லாம் "என்னண்ணே, மௌன விரதமா?" என்று கேட்டார்கள். மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. துணி அறைக் கேலியையும் நிறுத்திக்கொண்டார். கேலி நின்றதுதான் லிஃப்ட்டண்ணனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை லிஃப்ட்டுக்குச் சர்வீஸ் நாள். மெக்கானிக்குகள் கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை, ஆறாம் மாடிக்கு நடந்தே போக வேண்டும். அவர் படியில் கால் வைத்தார். முதல் மாடியில் வேர்த்தது. இரண்டாம் மாடியில் முழங்கால் கெஞ்சியது. அதற்கு மேல் எட்டுப் படி ஏறினார், ஒன்பதாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆண்டவா, கூப்பிடுறதா இருந்தா இந்தப் படியில வச்சுக் கூப்பிடாதே. எல்லாரும் தாண்டித் தாண்டிப் போவாங்க" என்று வேண்டிக்கொண்டார்.

மேலேயிருந்து கோப்புக் கட்டோடு இறங்கி வந்த சர்க்கரை சிஸ்டர் பதறிப்போய் ஓடி வந்தாள். "என்னண்ணே, என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. மூச்சு வாங்குது, அவ்வளவுதான். ரெண்டரை மாடி ஏறினேனா..."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நாடி சீராகத்தான் இருந்தது. அவர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டரை மாடியா? நேத்து முன்னூத்தி ஆறு மாடி ஏறியிருக்கீங்களே?"

"ஆமா."

"அப்ப மூச்சு வாங்கலையா?"

"அதுல ஏம்மா வாங்கும்? அது லிஃப்ட்டுல ஏறினதுதானே!"

சர்க்கரை சிஸ்டர் கோப்புக் கட்டை மடியில் வைத்து அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பயந்துபோனார். நிமிர்ந்தபோது பார்த்தால், சிரிப்பில் கண்ணீர் வழிந்தது.

"அண்ணே... லிஃப்ட்டுல போறதையா அது எண்ணிக்கிட்டு இருக்கு?"

"பின்ன? மாடி ஏறினா எண்ணும்னு நீதானேம்மா சொன்னே? நான் ஏறினேன், அது எண்ணிச்சு."

அவள் விளக்கினாள். உயரம் மாறுவதைக் காற்றின் அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற கருவி போனுக்குள் இருக்கிறது. கால் அசைவையும் அது கவனிக்கும். இரண்டும் சேர்ந்தால் ஆள் படியேறுகிறார் என்று கணக்குப் போடும். லிஃப்ட்டண்ணனுக்குச் சர்க்கரையால் உள்ளங்கால் எரியும், அதனால் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து அசைந்து அசைந்துதான் நிற்பார். போன் ஏமாந்துவிட்டது. ஏமாந்த போன் அவருக்கு விருந்து வைத்தது. இவ்வளவுதான் நடந்தது.

"அப்ப வேற நோய்?"

"வேற நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. டாக்டர் கிட்ட நான் சொல்லிக்கிறேன். நாலு பிஸ்கட்டும் ரெண்டு வாழைப்பழமும்தான் உங்க நோய்!"

லிஃப்ட்டண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை. ஆனால் முகம் முழுசாக மலரவில்லை. "தப்பா நினைக்காதேம்மா" என்றார். "லிஃப்ட்டுல போறதுன்னு எனக்குத் தெரியும். அதுவும் ஒரு வேலைதானே, அதான் எண்ணுதுன்னு நினைச்சேன். இருபத்திரண்டு வருஷமா ஏறி இறங்குறேன், ஒருத்தரும் எண்ணினதில்ல. இது எண்ணிச்சு. சந்தோஷமா இருந்துச்சு."

சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "அண்ணே, உங்க உழைப்பு மேல ஏறி வந்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும். உங்க சர்க்கரைக்குத்தான் தெரியாது. அதுக்குக் கால்தான் கணக்கு" என்றாள்.

அன்றைக்கே டாக்டரைக் கலந்து புது ஏற்பாடு பிறந்தது. ஆப்பில் மாடிக் கணக்கை சிஸ்டர் அணைத்துவிட்டாள். பதினொரு மணி பிஸ்கட்டும் நாலு மணிப் பழமும் நின்றன. வேலை நேரத்தில் போன் லிஃப்ட்டுக்குள் இருக்கக்கூடாது, கீழ்த்தளத்தில் மனைவியிடம் இருக்க வேண்டும். வேலைக்கு முன்னால் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மெத்தென்ற செருப்பு போட்டுக்கொண்டு படியேற வேண்டும். முதல் வாரம் ஒரே ஒரு மாடி. நன்றாக இருந்தால் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு மாடி கூட்டலாம். ஸ்கேன் தேவைப்படவில்லை. கண் டாக்டரம்மா, "மூணு மாசம் கழிச்சுத் திரும்பச் சராசரி பாப்போம்" என்றார். மேற்பார்வையாளர் கொடுத்த ஆறு மாதத்தில் ஒன்றரை மாதம் பிஸ்கட்டில் கரைந்துவிட்டது. தப்பினால் இன்னொரு வாய்ப்புக்கு நாள் இல்லை.

போன் மனைவி கைக்குப் போனதும் புதுக் கூத்து ஆரம்பித்தது. மாத்திரைக்கு, தண்ணீருக்கு, கால் விரல் இடுக்கைப் பார்ப்பதற்கு என்று ஆப் மணியடிக்கும். மணியடித்ததும் அந்த அம்மாள் போர்வையைப் போட்டுவிட்டு லிஃப்ட் கூண்டின் கம்பிக் கதவருகே வந்து, மேலே பார்த்து ஒரு குரல் கொடுப்பார்.

"ஏங்க! மாத்திரை!"

அந்தச் சத்தம் கூண்டு வழியாக ஏறி ஏழு மாடிக்கும் கேட்கும். முதல் இரண்டு நாள் எல்லோரும் திடுக்கிட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து அந்தந்த வார்டில் இருக்கிற சர்க்கரைக்காரர்கள் எல்லாம் அந்தக் குரலுக்கே மாத்திரையைக் கையில் எடுத்தார்கள். ஒருநாள் அந்த அம்மாள் கல்யாணத்துக்குப் போனபோது, நாலாம் மாடிப் பிரசவ வார்டில் மகளுக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு தாத்தா, "என்னய்யா, இன்னும் கூப்பிடலையே, நான் எப்ப மாத்திரை போடுறது?" என்று லிஃப்ட்டண்ணனிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

படியேறுவதற்கு லிஃப்ட்டண்ணன் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மாடி திரும்புகிற இடத்திலும் நிற்பார். இரண்டாம் மாடியில், "எலும்பெல்லாம் கூடட்டும்." மூன்றாம் மாடியில், "பிள்ளைங்க காய்ச்சல் இறங்கட்டும்." நாலாம் மாடியில், "தாயும் பிள்ளையும் ரெண்டு உசுரா வீட்டுக்குப் போகட்டும்." வேண்டி முடிப்பதற்குள் மூச்சு அடங்கிவிடும். சிஸ்டர் இதைக் கேட்டுவிட்டு, "இந்த மாதிரி நின்னு நின்னு ஏறணும்னுதான் நான் எல்லாருக்கும் தொண்டை கிழியச் சொல்றேன். உங்களுக்குச் சாமியே சொல்லிக் குடுத்துட்டாரு" என்றாள்.

ஸ்ட்ரெச்சர்காரரும் மத்தியானத்தில் கூட வர ஆரம்பித்தார். "அண்ணே, ஐந்தாம் மாடியில எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கும் கண்ணு ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"நீயே சொல்லு. உனக்குத்தான் வாய் இருக்கே."

பத்தாவது வாரத்தில் அவர் ஆறாம் மாடிக்குப் படியில் ஏறி வந்து சிஸ்டர் மேசைமுன் நின்றார். வேர்வை சொட்டியது, ஆனால் மூச்சு முட்டாமல் பேச்சு வந்தது. காலை எண் நூற்று இருபத்தெட்டு.

சராசரி பார்க்க ரத்தம் கொடுத்த நாளும் வந்தது. ரத்தம் சோதிக்கிற இடம் முதல் மாடி. அங்கேயிருந்து ஆள் ஒருவர் முடிவுத் தாள்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறினார். லிஃப்ட்டண்ணனுடைய தாளும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. கேட்கலாமா, கூடாதா?

"தம்பி, அதுல என் பேப்பர் இருக்கா?"

"இருக்குண்ணே."

"என்ன போட்டிருக்கு?"

"ஒட்டியிருக்குண்ணே. பிரிக்கக்கூடாது. வேலை போயிரும்."

"வேண்டாம், வேண்டாம். உன் வேலை இருக்கட்டும், என் வேலையைப் பத்தித்தான் அதுல எழுதியிருக்கு."

ஏழு வினாடியில் போகிற இடத்துக்கு அன்றைக்கு லிஃப்ட் ஏழு யுகம் எடுத்துக்கொண்டது. ஆறாம் மாடியில் ஆள் இறங்கினார். லிஃப்ட்டண்ணன் கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள், ஒருவரும் 'போகலாம்' என்று சொல்லவில்லை. சர்க்கரை சிஸ்டர் நடைபாதையிலேயே தாளைப் பிரித்தாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"ஏழு புள்ளி அஞ்சு!" என்று கத்தினாள்.

உள்ளே இருந்த ஐந்து பேரும் கைதட்டினார்கள். அதில் இரண்டு பேருக்கு விஷயம் என்னவென்றே தெரியாது. லிஃப்ட்டண்ணன் நேரே கீழ்த்தளத்துக்கு விட்டார். மேலே போக ஏறியிருந்த ஒரு மாமி, "நான் ஏழாம் மாடிக்குப் போகணும்பா" என்றார். "ஒரு நிமிஷம்மா, கீழ ஒரு ஆளுக்குச் சேதி சொல்லிட்டு உங்களைப் பூப்போலக் கொண்டுபோறேன்" என்றார் அவர்.

கதவு திறந்தது. மனைவி போர்வை மடித்துக்கொண்டிருந்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை. நீங்க மடிச்சதை நான் திரும்ப மடிக்கணுமேன்னு கவலையா இருந்துச்சு" என்றார்.

டாக்டரம்மா சொன்ன சொல் தவறவில்லை. ஆபரேஷன் கால் மணி நேரம்தான். ஒரு மாதம் கழித்து மேற்பார்வையாளர் முன்னிலையில் கண் பரிசோதனை நடந்தது. கடைசி வரியின் பொடி எழுத்து வரை தட்டாமல் படித்தார். கைப்பிடி அவர் கையிலேயே இருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் நடை இல்லாமல் அவருக்கு நாள் விடிவதில்லை. தெருக்கோடியில் ஒரு புதுக் கடை.

"அங்க என்ன எழுதியிருக்கு, சொல்லு பாப்போம்" என்றார் அவர்.

"தெரியுது, தெரியுது. செருப்புக் கடை."

"செருப்பா? கண்ணாடிக் கடைடி அது! கீழ பொடியா 'திங்கள் விடுமுறை'ன்னுகூட இருக்கு."

மனைவி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு வெயில் அடிக்குது" என்றார்.

"வெயில் உனக்கு மட்டும்தான் அடிக்குதா? நாளைக்கு ஆறாம் மாடிக்கு வா. ஒரு சொட்டு ரத்தம் பாத்துரலாம். அப்படியே ஐந்தாம் மாடியில கண்ணையும் காட்டிரலாம்."

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நானும் அதைத்தான்டி சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அந்த அம்மாள் பத்தடி நடந்தார். பிறகு, "சரி, வரேன். ஆனா அந்தப் போனை என் கையிலதான் குடுக்கணும். உங்க கையில இருந்தா அப்புறம் நீங்க என் பேரைச் சொல்லிக் கத்துவீங்க" என்றார்.

"கத்தத்தான் போறேன். மேலேயிருந்து கீழ்த்தளத்துக்கு, நல்லா எட்டும்படியா."